தட்டுவதற்கு முன்பே

துணி முடிச்சை அவிழ்த்தபோது பயறு முளைவிட்டிருந்தது. வடிவு அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வாடை இல்லை. போன தடவை ஒரு பகல் கூடுதலாக விட்டுவிட்டதில் பயறு கொழகொழத்துப்போய், அடுப்படியெல்லாம் நனைந்த சாக்கு நாற்றம் அடித்து, சட்டியோடு கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை, தையலில் மிஞ்சிய லைனிங் துணியை நன்றாக அலசிக் கட்டியிருந்தாள். பருத்தித் துணி, மூச்சு விடும். உடம்புக்கு ஆகிற துணி பயறுக்கும் ஆகும் என்று தோன்றியது, ஆகித்தான் இருக்கிறது. ஒவ்வொரு பயறிலிருந்தும் வெள்ளையாக ஒரு வால், ஊசிக்கண்ணில் கோத்துவிட்ட நூல் மாதிரி எட்டிப் பார்த்தது. இன்றைக்கென்று பார்த்து இது கெட்டுப்போயிருந்தால் என்ன செய்திருப்பாள்? வேர்க்கடலை வறுத்திருக்கலாம். ஆனால் வேர்க்கடலை போதாது, அது எத்தனை தின்றாலும் கொறிப்புதான். ஒரு தட்டு நிறைய, பார்த்தால் பலகாரம் என்று சொல்லும்படி, ஆவி பறக்க ஒன்று தயாராக இருக்க வேண்டும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள். பொட்டலத்தின் நூலைப் பிரிப்பதற்குள். இன்று சம்பள நாள்.

கல்யாணம் ஆன மாதத்திலிருந்து சம்பள நாள் சாயங்காலம் நம்பிராஜன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததில்லை. பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. எந்தச் சோப்புக்கும் போகாத ரப்பர் வாடை அடிக்கிற அந்தக் கையிலிருந்து சுடச்சுட ஒரு அல்வாப் பொட்டலம் நீளும். ‘இந்தா’ என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. அல்வா வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் திகட்டாமல் இருக்கக் கையில் கொஞ்சம் மிக்சர் கொடுப்பார். திருநெல்வேலியில் எல்லாரும் அதைக் கடை வாசலிலேயே வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இவர் அதையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பாளையங்கோட்டை வரைக்கும் வண்டியில் கொண்டுவருவார். அவளுக்கு. இதை யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாது, சொன்னால் ஒரு பிடி மிக்சருக்கா இத்தனை என்று கேட்பார்கள். அவள் தைத்த சேலை ஓரத்தையோ வைத்த குழம்பையோ அவர் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. மகளைக் கோயம்புத்தூரில் கொடுப்பதா வேண்டாமா என்று வந்த சண்டையில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களில்கூட சம்பள நாள் வந்தது, பொட்டலம் வந்தது, தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நெய் கசிந்து யாருடையதோ பச்சை ரவிக்கைத் துணியில் படிந்தது. சீயக்காய்த் தூள் போட்டுக் கசக்கிக்கொண்டே, வாய்க்குள் வைதுகொண்டே, இன்னொரு கையால் அல்வாவை விள்ளி விள்ளித் தின்றாள். தின்று முடித்தபோது சண்டையும் முடிந்திருந்தது. அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? இந்த வீட்டில் எத்தனையோ வேண்டாம்கள் உண்டு. அந்தப் பொட்டலத்தைப் பார்த்து மட்டும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இன்று சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும். பயறை இட்லித் தட்டில் பரப்பி மூடினாள். நன்றாக வெந்து குழையக்கூடாது, பல்லில் நறுக்கென்று படவேண்டும்.

அடுப்பைத் தணித்துவிட்டு மாங்காயை எடுத்தாள். பொடிப்பொடியாக நறுக்கினாள். சுண்டலில் இனிப்பு இல்லாத குறையைப் புளிப்பு கொஞ்சம் மூடும். நாக்கு ஏமாளி இல்லை, ஆனால் ஏதாவது கையில் கொடுத்தால் அழுகையை நிறுத்துகிற பிள்ளை மாதிரிதான். ஏமாந்தது நாக்கு இல்லை, அவள்தான். ரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் முதல் தடவை சொன்ன அன்றே டப்பாவில் இருந்த சீனியை எல்லாம் எறும்புக்குப் போட்டவள் அவள். காப்பியில் சீனி இல்லை. வீட்டிலேயே சீனி இல்லை. அதற்குப் பதில் உடன்குடியிலிருந்து கருப்பட்டி வரவழைத்தாள். கருப்பட்டி உடம்புக்குக் குளிர்ச்சி, கருப்பட்டியில் இரும்புச்சத்து, கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று தைக்கக் கொடுக்க வந்த அத்தனை பெண்களும் சொன்னார்கள். அவளும் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். கருப்பட்டிக் காப்பி, கருப்பட்டி எள்ளுருண்டை, கேழ்வரகு மாவில் கருப்பட்டி போட்ட புட்டு. சீனி போட்டால் ஒரு உருண்டையோடு நிறுத்தியிருப்பாள், இது மருந்துதானே என்று இரண்டாகத் தின்றாள். வெறும் வயிற்றில் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று காலையிலும் ஒன்று. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டர், சின்ன வயசுப் பெண், காகிதத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ‘சீனி சாப்பிடலைன்னு சொன்னீங்களே?’ ‘தொடவே இல்லம்மா. எல்லாம் கருப்பட்டிதான்.’ டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ‘உள்ள போனப்புறம் அது கறுப்பா வெளுப்பான்னு உங்க ரத்தத்துக்குத் தெரியாதும்மா.’ வைதிருந்தால் பொறுத்திருக்கலாம். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, வையவும் இல்லை, பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதையும் அழகான கையெழுத்தில் போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

அது மட்டும் என்றால் வெட்கத்தோடு போயிருக்கும். அதற்குப் பிறகுதான் அந்த இரும்புக் கவட்டை வந்தது. கையளவு கவட்டை, தட்டினால் அதிரும், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதைத் தட்டி அவள் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, ‘அதிர்ற மாதிரி இருக்கா, சொல்லுங்க’ என்றாள் டாக்டர். வடிவு விரலைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். கவட்டை விரலில் படும்போது அந்தப் பெண்ணின் புருவம் லேசாக உயர்வதைக் கண்டுபிடித்துவிட்டாள். புருவம் உயர்ந்தால் ‘தெரியுது’. அடுத்த விரல், ‘தெரியுது’. வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், கதவு சாத்தவில்லை. அவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், தெரியுது, நல்லாத் தெரியுதும்மா. டாக்டரின் கை அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்தி, ‘இந்தத் தடவை நான் இன்னும் தட்டவே இல்லையேம்மா’ என்றாள். பிறகு, ‘கண்ணை மூடிக்கோங்க, திரும்பப் பாப்போம்.’ வடிவு எழுந்துவிட்டாள். ‘அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேன்’ என்றாள். பஸ் பிடித்து வந்திருக்கிற ஆஸ்பத்திரியில், வாய் கூசாமல், அடுப்பில் பால். தட்டவே இல்லையே. தட்டவே இல்லையே. அந்தச் சொல் அன்றிலிருந்து மெஷின் சத்தத்திலும் கேட்டது, மிதிக்கிற ஒவ்வொரு மிதியிலும். மிதிக்கிறாளா என்பதே சில சமயம் தெரியவில்லை. தையல் ஓடிக்கொண்டிருந்தால் கால் மிதிக்கிறது. தையல் நின்றால் கால் நின்றுவிட்டது. தன் காலைத் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது. ‘மோட்டார் மாட்டிருவோம்’ என்று அவர் ஒரு நாள் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். மோட்டார் வந்துவிட்டால் காலுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்று தெரிந்தால் கால் இன்னும் என்னென்ன நினைத்துக்கொள்ளுமோ.

செல்போன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து பகவதி அக்கா. காப்பி நேரத்துக்குத் தவறாமல் கூப்பிடுவாள்.

‘ஏட்டி, என்ன செய்த?’

‘பயறு வேகவைக்கேன்க்கா.’

‘யாருக்குக் காய்ச்சல்?’

‘யாருக்கும் இல்ல. சாயங்காலம் திங்கதுக்கு.’

‘இன்னைக்குச் சம்பளம்லா? உம் மாப்பிள்ள அல்வா கொண்டாருவாரே. எனக்குன்னு நெனச்சு ஒரு வாய் தின்னுட்டி.’

‘நான் திங்கல.’

‘ஆமா, இவ திங்கல. போன மாசமும் இதைத்தான் சொன்ன. பெறகு புதுச் சேலைல நெய்யாயிட்டுன்னு மறுநா அழுதது யாரு?’

‘இந்த மாசம் திங்கல.’

‘சரி, அப்ப எனக்குப் பார்சல் போடு. எனக்கு இனிப் போறதுக்கு இன்னும் ஒரு காலுதான் இருக்கு.’

‘யக்கா!’

‘என்னட்டி யக்கா. நேத்து செருப்புக்கடைக்காரன்ட்ட கேட்டேன், ஒத்தச் செருப்பு பாதி வெலைக்குத் தருவியாடேன்னு. முழிக்கான்.’

வடிவு சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள்.

‘ராத்திரி பூரா அரிக்கி வடிவு. இல்லாத காலு. சுண்டு விரல் இடுக்குல. எங்க போயிச் சொறியச் சொல்லுத? ... சரி, பயறு கொழஞ்சிரும். பாரு, போ.’

பயறு குழையவில்லை. தட்டை இறக்கி, ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். சரியான பதம். இல்லாத கால் அரிக்கிறது என்கிறாள் அக்கா. வெட்டி எடுத்து எங்கேயோ கொண்டுபோய்விட்ட கால், அக்காவுக்கு இன்னும் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இங்கே இருக்கிற கால், மெட்டியோடு, பித்தவெடிப்போடு, கண்ணெதிரே இருக்கிற கால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. அக்காவுக்கும் முதலில் ஒன்றும் இல்லை, செருப்புக் கடித்த புண்தான். மஞ்சள் வைத்துக் கட்டினாள். வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள். வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள், அதுதான். போன வெள்ளிக்கிழமை வடிவு கூடத்தைப் பெருக்கியபோது தரையில் சிவப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். குங்குமச் சிமிழ் சரிந்திருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால், துடைத்த இடத்தில் மறுபடி பொட்டுகள். அடுப்படி வரைக்கும். அவள் போன வழியெல்லாம். அப்புறம்தான் காலைத் தூக்கிப் பார்த்தாள். வலது பாதத்தில் குண்டூசி முழுக்க உள்ளே போய், தலை மட்டும் வெளியே தெரிந்தது. ரவிக்கையில் கைப்பகுதிக்குக் குத்தி வைக்கிற ஊசி. எப்போது ஏறியது? காலையிலா? முந்தின நாளா? பிடித்து இழுத்தாள். வேறு யாருடைய காலிலிருந்தோ எடுக்கிற மாதிரி சாவகாசமாக வந்தது. ஆ என்று ஒரு சத்தம் வரட்டும் என்று வாயைத் திறந்து காத்திருந்தாள். வரவில்லை. உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். வலித்து அழுதிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது? மகளிடம் சொன்னால் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். அவரிடம்? அவர் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்ததில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

தாளிக்கக் கடுகு எடுக்க அலமாரியில் கையை விட்டாள். பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் ஏதோ சொரசொரவென்று விரலில் பட்டது. விரல் நுனிகள் இன்னும் சுத்தமாக வேலை செய்கின்றன. எடுப்பதற்கு முன்பே என்னவென்று சொல்லிவிட்டன. கருப்பட்டி. சில்லு ஒன்று, நெல்லிக்காய் அளவு. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று கூடையோடு எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தபோது இது மட்டும் எப்படித் தப்பியது? தப்பியதா, ஒளித்து வைத்தாளா? கை செய்ததை மனசு பார்க்காமல் இருக்க முடியுமா? பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டால் முடியும், கால் பழகியிருக்கிறதே. வாசனை வந்துவிட்டது. புகையும் மண்ணும் கலந்த, தொண்டைக்குள் இறங்குகிற வாசனை. வாயில் நீர் ஊறியது. இவ்வளவுதானே, இதைக் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் தாளித்து முடிக்கிற வரைக்கும் இருக்கும். தின்றுவிட்டால் வீட்டில் இல்லாமல் போய்விடும், இல்லாமல் போவது நல்லதுதானே. இதுதான் கடைசி. போன மாத அல்வாவும் கடைசிதான். நாக்கு எவ்வளவு ஒழுங்காக வழக்குப் பேசுகிறது. அவள் சில்லைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அது அடியில் கிடந்தது. பிறகு அதிலிருந்து நூல் பிரிகிற மாதிரி பழுப்பாக ஒரு இழை கிளம்பி, இன்னொரு இழை, தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி ஏறியது. இப்படித்தானா? உள்ளே போய், கறுப்பு வெளுப்பு பார்க்காமல், இப்படித்தான் இழை இழையாக முழங்காலுக்கும் கீழே, விரல் வரைக்கும், நரம்பையெல்லாம் மெதுவாகத் தாலாட்டித் தூங்க வைத்ததா? தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்து, கரையாத மிச்சத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடைக்குள் தள்ளினாள். விரலை நக்கிவிடக்கூடாதே என்று சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, உளுந்து சிவந்தது, வத்தலும் கறிவேப்பிலையும் போட்டதும் அடுப்படி முழுக்க எழுந்த வாசனையில் அந்தப் பழைய வாசனை போன இடம் தெரியவில்லை. பயறைக் கொட்டி, சின்ன வெங்காயம், மாங்காய், துருவிய தேங்காய் கொஞ்சம், கைநிறையப் போடாமல் கொஞ்சம், பிரட்டி இறக்கினாள். தட்டில் வைத்தபோது அது பலகாரம் மாதிரிதான் இருந்தது. என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்தாள். டாக்டர் சொல்லுதாவ. வேண்டாம், அது டாக்டர்மேல் பழி போடுவது. எனக்குப் பிடிக்கல. பொய். எனக்கு வேண்டாம். அவ்வளவுதான். எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டாம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது.

இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டு கையும் நிறைந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றை வாங்க முடியாது. நம்பிராஜன் ஒரு செருப்பைக் கழற்றி, ஒரு செருப்போடு நின்றபடி பொட்டலத்தை நீட்டினார்.

‘இந்தா.’

‘முதல்ல இதைச் சாப்பிடுங்க.’

அவர் தட்டைப் பார்த்தார். ‘என்னது?’

‘பயறு.’

‘வால் இருக்கு.’

‘முளைகட்டினது. அப்படித்தான் இருக்கும்.’

ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார். பொட்டலம் இன்னும் நீட்டியபடியே இருந்தது. ‘சூடு ஆறிரும்’ என்றார்.

‘எனக்கு வேண்டாம்.’

சொன்ன சொல் கூடத்தில் விழுந்து கிடந்த மாதிரி இருந்தது. அவர் மெல்லுவதை நிறுத்தினார். பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

‘நான் என்ன செஞ்சேன்?’

‘நீங்க ஒண்ணும் செய்யல.’

‘ஒரு விள்ளல்.’

‘ஒரு விள்ளலும் வேண்டாம். இனிமே கொண்டாராதிய.’ தட்டை இறுக்கிப் பிடித்தாள். ‘எனக்குக் காலு தெரியல. ஊசி முழுக்க ஏறியிருந்துச்சு, தெரியல. தரையில ரெத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது.’

‘டாக்டர்ட்ட தெரியுதுன்னு சொன்னியே. எனக்குக் கேட்டுதே.’

‘உங்களுக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன்.’

அவர் ‘ம்’ என்றுகூடச் சொல்லவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தட்டோடு அங்கேயே நின்றாள். போய்விட்டார். இவ்வளவுதான், ஒரு சொல், இத்தனை வருஷம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ‘இந்தாங்க’ என்ற அவர் குரல். பக்கத்து வீட்டம்மா, ‘என்னண்ணாச்சி விசேஷம்?’ என்று கேட்பதும், அவர் செருப்புச் சத்தம் திரும்பி வருவதும் கேட்டது. உள்ளே வந்து கையைக் கழுவினார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, அதிலிருந்த மிக்சரைச் சுண்டல்மேல் ஓரமாகத் தூவி, தட்டை வாங்கி மெஷின்மேல் வைத்தார். ‘உட்காரு’ என்றார். அவள் மெஷின் ஸ்டூலில் உட்கார, அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வலது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

‘ஐய, காலப் பிடிக்காதிய. யாரும் பாத்தா என்ன நினைப்பாவ.’

‘சும்மா இரு.’

உள்ளங்கையை விரித்துப் பாதத்தின்மேல் வைத்து, குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். திரும்ப விரலிலிருந்து குதிகாலுக்கு. விரலிடுக்குகளில் கையை விட்டுப் பார்த்தார். ஊசி இருந்த இடத்தில் நின்றார், அதைச் சுற்றி அழுத்தினார். கண்ணைக் கொண்டு தேடவில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு கையாலேயே தேடினார். டிப்போவில் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

‘ஆணி ஏறினா டயருக்குத் தெரியாது’ என்றார். ‘டிரைவருக்கும் தெரியாது. காத்து எறங்கி வண்டி ஒரு பக்கம் சாஞ்ச பெறகுதான் தெரியும். அதனால வண்டி வந்ததும் தடவிப் பாத்துருவோம். உள்ள கையை விட்டுத் தடவுனா முள்ளு எங்கன்னு கை சொல்லிரும். தெனமும் பாக்கணும். நல்லா ஓடுத வண்டியையும் பாக்கணும்.’ ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அவருக்கும் அது தெரிந்த மாதிரி நிறுத்திக்கொண்டார். பிறகு, ‘நாளைக்கு லீவு சொல்லிருதேன். டாக்டர்ட்ட போவோம்’ என்றார்.

‘ம்’ என்றாள் வடிவு.

‘கண்ண மூடு.’

மூடினாள். இருட்டுக்குள் முதலில் அவர் முகத்தைத்தான் தேடினாள், பழக்கம். அந்த முகத்தில் புருவம் உயர்கிறதா என்று பார்க்க வழியில்லை. தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள். மாங்காய் வாசனை. ரப்பர் வாடை.

‘இங்க?’

நாக்கு நுனியில் அது வந்து நின்றது, தெரியுது, எச்சில் மாதிரி தானாக ஊறி. அதை விழுங்கினாள்.

‘தெரியல.’

‘இங்க?’

‘தெரியல.’

‘இங்க?’

காத்திருந்தாள். அவசரப்படவில்லை. வெகுதூரத்தில், வேறு வீட்டில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு விரலால் தட்டுகிற மாதிரி ஏதோ. அவளாக நினைத்துக்கொள்கிறாளா? பகவதி அக்காவின் அரிப்பு மாதிரியா? இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

‘லேசா’ என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. ‘இன்னொரு தடவ தட்டுங்க. சொல்லாமத் தட்டுங்க.’